கம்பெனி பாக்கிக்கு யார் பொறுப்பு?

மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் கடைத்தெருவில் தலைகாட்டக் கூசிய காலம் ஒன்று இருந்தது. இன்று பிரைவேட் லிமிடெட் என்று ஒரு போர்டு இருந்தால் அந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. நம்மிடம் பருப்பும் எண்ணெயும் கடனுக்கு எடுத்து, விற்றுக் காசாக்கி, கம்பெனியைக் காலி செய்துவிட்டு, அதே நபர் அடுத்த தெருவில் வேறு பெயரில் கடை திறக்கிறார். கம்பெனி தொடங்கக் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும் என்றிருந்த விதியையும் 2015-இல் எடுத்துவிட்டார்கள்.

நாம் கோர்ட்டுக்குப் போகிறோம். கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ், வாய்தா எல்லாம் தாண்டி டிகிரியும் வாங்குகிறோம். அமீனா ஜப்திக்குப் போனால் பழைய மேஜையும் இரண்டு நாற்காலியும்தான் இருக்கின்றன. டைரக்டரின் வீட்டைத் தொட முடியாது. கம்பெனி வேறு, ஆள் வேறு என்று 1896-இல் இங்கிலாந்தில் சாலமன் வழக்கில் சொன்ன கொள்கைதான் நம் நாட்டிலும் நடைமுறை.

அந்தக் கொள்கையே தவறு என்று நாம் சொல்லவில்லை. நம்மிலும் பலர் கம்பெனி நடத்துகிறோம். நேர்மையாகத் தொழில் செய்து நொடித்தவரின் குடும்பம் தெருவுக்கு வரக் கூடாது. ஆனால் அரசாங்கம் தன் பாக்கிக்கு என்ன செய்து கொண்டது என்று பாருங்கள். 2017 ஜி.எஸ்.டி. சட்டத்தின் 89-ஆவது பிரிவுப்படி, பிரைவேட் கம்பெனியிடம் வரியை வசூலிக்க முடியாமல் போனால், அப்போது டைரக்டராக இருந்தவர்களே கட்ட வேண்டும். தம்முடைய பெரும் கவனக்குறைவாலோ முறைகேட்டாலோ கடமை தவறியதாலோ பாக்கி நிற்கவில்லை என்று அவரே நிரூபித்தால்தான் விடுதலை. 1961 வருமான வரிச் சட்டத்திலும் இப்படியே 179-ஆவது பிரிவை வைத்தார்கள்.

வியாபாரிக்கு இருக்கும் வழிகள் என்ன? செக் திரும்பினால் கம்பெனியை நடத்தியவர் மீதும் வழக்குப் போடலாம். செக் இல்லாமல் பில்லில் கொடுத்த சரக்குக்கு அது உதவாது. திவால் சட்டத்தில் போகலாம் என்றால், 2020-இல் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு உயர்த்திவிட்டார்கள். நம்மில் எத்தனை பேருக்கு ஒரே இடத்தில் கோடி ரூபாய் பாக்கி இருக்கும்? 2013 கம்பெனிச் சட்டத்தின் 339-ஆவது பிரிவில் டைரக்டரைப் பிடிக்கலாம். ஆனால் கம்பெனி கலைப்பு நடவடிக்கை நடக்க வேண்டும், ஏமாற்றும் நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும். மளிகை வியாபாரிக்கு அது ஆகிற காரியமா?

ஆகவே நாம் கேட்பது புதிய சலுகை அல்ல. கோர்ட் டிகிரி ஆன பணத்தைக் கம்பெனி குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டவில்லை என்றால், வரிக்கு உள்ள அதே பொறுப்பு டைரக்டருக்கு வர வேண்டும். நேர்மையானவருக்கு உள்ள அதே விலக்கும் இருக்கட்டும். வரிப் பணத்துக்கு ஒரு நியாயம், வியாபாரி பணத்துக்கு ஒரு நியாயம் என்பது முறையல்ல. இதை வலியுறுத்தி ஒவ்வொரு கிளைச் சங்கமும் தீர்மானம் போட்டு, தொகுதி எம்.பி.யிடம் நேரில் கொடுக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். கம்பெனிக்குக் கடன் சரக்கு கொடுக்கும் முன்பே டைரக்டரிடம் சொந்த ஜாமீன் எழுதி வாங்குங்கள். டிகிரி ஆகி 30 நாளில் பணம் வராவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் 21-ஆவது கட்டளை, 41-ஆவது விதிப்படி கம்பெனியின் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கேட்டு மனுப் போடுங்கள். கோர்ட் உத்தரவிட்டும் தராதவரை மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்க முடியும். ஜாமீன் எழுதித் தரத் தயங்குகிறவருக்குச் சரக்கு கொடுக்க நாமும் தயங்குவதே நல்லது.