சி.டி.எச் ரோட்டுக்கு எதுக்குப்பா காட்டு டயர்?

சில தம்பிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிக்-அப் வண்டிக்குக் கரடுமுரடான ஆஃப் ரோடு டயர் மாட்டுவது காய்ச்சல் மாதிரி பரவிக்கொண்டிருக்கிறது. வி-கிராஸ் வைத்திருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மாட்டினால் அது அவர்கள் அப்பா காசு. கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றி வந்து இ.எம்.ஐ கட்டுகிற பையனும் பொலீரோ பிக்-அப்புக்கு அதையே மாட்டுகிறான். "நம்ம ஊரு ரோடு இருக்கிற லட்சணத்துக்கு இதுதான் சார் சரி" என்று எனக்கே பாடம் எடுக்கிறான். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் இதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

ரோடு மோசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் குழி விழுந்த தார் ரோடு வேறு, ரோடே இல்லாத சேற்று நிலம் வேறு. டயர் மேல் இருக்கும் ரப்பர் கட்டையை, கடைக்காரர் பாஷையில் பட்டனை, உயரமாகவும் தள்ளித் தள்ளியும் வைப்பது சேற்றைக் கவ்வி வெளியே தள்ளத்தான். தாரில் கவ்வ என்ன இருக்கிறது? அங்கே பிடிமானம் தருவது தரையைத் தொடும் ரப்பர். நடுவில் இருக்கும் காலி இடம் ஒன்றும் தராது.

இந்த டயர்கள் பலவற்றின் பக்கவாட்டில் பி.ஓ.ஆர் என்று மூன்று எழுத்து இருக்கும். தொழில்முறையாக ரோட்டுக்கு வெளியே ஓட்டுவதற்கான டயர் என்று பொருள். சர்வதேச விதிப்படி அந்த எழுத்தைப் போட, பட்டன் ஆழம் குறைந்தது 11 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; மேற்பரப்பில் குறைந்தது 35 சதவீதம் காலி இடமாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ஈரத்தில் பிடிமானம், எரிபொருள் சிக்கனம், சத்தம் மூன்றையும் சொல்லும் லேபிள் கட்டாயம். இந்த வகைக்கு விலக்கு உண்டு. அது ரோட்டுக்கான சாமானே இல்லை என்றுதானே அர்த்தம்? நீங்கள் அதை மாட்டிக்கொண்டு திருமுல்லைவாயலுக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே ஓடுகிறீர்கள்.

தேய்மானத்துக்கு வருவோம். உயரமான பட்டன் தாரில் பதியும்போது வளையும். தரையை விட்டுக் கிளம்பும்போது இழுபட்டு உரசும். ஒவ்வொரு சுற்றிலும் இதேதான். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டயரைக் கையால் ஒரு பக்கமாகத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் மாதிரி தட்டும். அந்தப் பல் விழ விழ ஊளைச் சத்தம் ஏறும். பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். பேரிங் நன்றாகத்தான் இருக்கும்.

பிக்-அப்புக்கு இன்னொரு தொல்லை உண்டு. போகும்போது லோடு, வரும்போது பெரும்பாலும் காலி. லோடுக்கு வைத்த காற்றோடு காலியாக ஓடினால் பின் டயர் நடுவில் தேயும். குதிக்கிறதே என்று காற்றைக் குறைத்துவிட்டு அப்படியே லோடு ஏற்றினால் இரண்டு ஓரமும் தேயும், டயர் சூடேறும். பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். காலி வண்டியில் அது கட்டை மாதிரி விறைத்து நிற்கும். அதற்குக் கீழே கனமான காட்டு டயரையும் மாட்டினால் பள்ளத்தில் விழுந்து எழும்போது வால் தனியாகத் துள்ளும். இடுப்பு டிஸ்க் போனவனைக் கேளுங்கள், சொல்வான்.

இதெல்லாம் காசும் உடம்பும். எனக்கு வயிற்றைக் கலக்குவது மழைதான். அம்பத்தூர் ஓ.டி பக்கம் பள்ளிக்கூடம் விடும் நேரம், சீசனின் முதல் மழை, ரோட்டில் எண்ணெயும் தூசியும் கலந்த மெல்லிய படலம். அந்தப் படலத்தைக் கிழிப்பது பட்டன்மேல் இருக்கும் முடி போன்ற சன்ன வெட்டுகள். சேற்று டயரில் அவை குறைவு, தரையைத் தொடும் ரப்பரும் குறைவு. வண்டி காலி என்றால் பின் சக்கரத்தில் எடையும் இல்லை. பிரேக் மிதித்தால் வால் எந்தப் பக்கம் போகும் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. எதிரே சைக்கிளில் வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை உங்கள் ரீல்ஸைப் பார்த்ததில்லை.

"2023 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தீர்களா சார்" என்பார்கள். பார்த்தேன். தண்ணீர் இன்ஜினின் காற்றுக் குழாய்க்குள் போனால் எந்த டயரும் காப்பாற்றாது.

பெரிய சைஸ் மாட்டுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 30 இன்ச் விட்டம் இருந்த இடத்தில் 32 இன்ச் மாட்டினால், மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-க்கு மேல் போகும். பிரேக்கோ பழைய பிரேக்.

பக்கச்சுவர் பலமாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம். குழி விளிம்பில் அடிபட்டு டயர் வெடித்தவன் வலி எனக்கும் தெரியும். ஆனால் பக்கச்சுவர் பலம் வேறு, பட்டன் அமைப்பு வேறு. சுமை வண்டிக்கென்று வரும் எல்.டி டயரில் ரோடு பட்டனோடேயே பலமான பக்கச்சுவர் கிடைக்கும். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்கும் மனை போடும் இடங்களுக்கும் தினமும் போகிறவர் ஏ.டி வகை போடட்டும், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எம்.டி வகை நம்மில் நூற்றில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் அதிகம்.

டன்லப் தொழிற்சாலை ஓடிய ஊர் அம்பத்தூர். இன்றைக்கும் ஒரகடத்தில் (நம் அம்பத்தூர் ஒரகடம் இல்லை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடம்) அப்பல்லோ டயர் செய்கிறது. இப்படிப்பட்ட வட்டாரத்தில், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் சைஸையும் காற்று அளவையும் படிக்காமல், கடையில் நிற்கும் பையன் காட்டும் வீடியோவைப் பார்த்து டயர் வாங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வரி கட்டுகிறோம். ரோடு போட வேண்டியவன் போடவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டுக்குப் போங்கள், மனு கொடுங்கள், மறியல் செய்யுங்கள். அவன் போடாத ரோட்டை நீங்கள் உங்கள் செலவில் டயராக வாங்கிக்கொண்டு போனால் அவனுக்கு என்ன கவலை? "பாருங்க, எல்லா வண்டியும் ஜம்முன்னு போகுதே" என்று சொல்லிவிடுவான்.

கமெண்டில் திட்டுகிறவர்கள் திட்டலாம், நீக்க மாட்டேன். எந்த கம்பெனி நல்லது சார் என்று மட்டும் இன்பாக்ஸுக்கு வராதீர்கள். நான் வாங்குவது பென்ஷன், டயர் கமிஷன் இல்லை.