நட்டு மேல ஏறி நிக்காதீங்க

போன லீவுல அஞ்சு பேர் கார்ல பாண்டிச்சேரி கிளம்பினோம். எல்லாருமே ஃபைனல் இயர், அதுல மூணு பேர் மெக்கானிக்கல். திண்டிவனம் தாண்டினதும் முன் வீல் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டி, ஜாக்கியை இறக்கினோம். நட்டு இறுக்கும்போது எங்கள்லயே வெயிட்டான ஆள் ஸ்பேனர் மேல ஏறி நின்னு ரெண்டு குதி குதிச்சான். ஒரு நட்டு முடிஞ்சதும் பக்கத்து நட்டு. "இனிமே அசையாது மச்சான்!"

பதினஞ்சு கிலோமீட்டர் கூடப் போகல, ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிச்சது. ஒரு டீக்கடை ஓரமா நிறுத்திப் பாத்தா, ரெண்டு நட்டு கையாலயே திருகற அளவுக்கு லூஸ். அங்க நின்ன லாரி டிரைவர் அண்ணன் ஒருத்தர் வந்து பாத்தாரு. "ஏன் தம்பி, நட்டு மேல என்ன கோவம்?"னு கேட்டாரு.

வீலைக் கழட்டி, ஹப்ல இருந்த துருவையும் மண்ணையும் சுரண்ட வெச்சாரு. நட்டுகளைக் கையாலயே திருகி, அப்புறம் எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கச் சொன்னாரு. ஜாக்கியை இறக்கின பிறகுதான் கடைசி இறுக்கு. நாங்க செஞ்ச தப்பு அப்பதான் புரிஞ்சுது. முதல் நட்டையே முழுசா இறுக்கினதால வீல் ஹப்ல கோணலா உக்காந்திருக்கு. ஓட ஓட அது நேராகும்போது மத்த நட்டுகள் தளர்ந்துடுச்சு.

வெட்கமான விஷயம் என்னன்னா, இதெல்லாம் நாங்க படிச்சதுதான். காரோட எடையை ஸ்டட் நேரடியா தாங்கறதில்லை. நட்டு இறுகும்போது ஸ்டட் துளியளவு நீளுது. அது திரும்பச் சுருங்கப் பாக்குற இழுவிசைதான் வீலை ஹப்போட அழுத்திப் பிடிக்குது. அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான் வீலை நகராம வெச்சிருக்கு.

கணக்கும் சின்னதுதான். டார்க்கை, K பெருக்கல் ஸ்டட்டோட விட்டத்தால வகுத்தா இழுவிசை வந்துடும். பல சின்ன கார்களுக்கு டார்க் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், K 0.2ன்னு வெச்சா சுமார் 41,700 நியூட்டன். அதாவது ஒரே ஸ்டட்ல 4 டன்னுக்கு மேல! 60 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில சும்மா நின்னாலே 176 நியூட்டன் மீட்டர் வந்துடும். குதிச்சா எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்டட் ஒருமுறை அளவு மீறி நீண்டுட்டா பழைய பிடிமானம் திரும்ப வராது, ஒருநாள் உடையலாம். சிலர் "ஈஸியா கழட்டலாம்"னு மரையில எண்ணெய் விடுவாங்க. அதுவும் ஆபத்து. உராய்வு குறைஞ்சு K 0.15 ஆனா, அதே 100ல இழுவிசை 55,000 நியூட்டனைத் தாண்டிடும்.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கெதுக்கு?"ன்னு சிலர் கேக்கலாம். ராத்திரி ஹைவேல பஞ்சர் ஆனா மெக்கானிக் பக்கத்துல இருக்கமாட்டாரு. கடையில மாட்டினாலும், ஏர் கன்ல அடிச்சதோட விட்டுட்டா எவ்வளவு இறுகியிருக்குன்னு அவருக்கே தெரியாது. டார்க் ரென்ச் வெச்சு செக் பண்ணுங்கன்னு கேக்க, அப்படி ஒண்ணு இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல மரம் இழைச்சோம், பைப் மாட்டினோம், வெல்டிங் தொட்டுப் பாத்தோம். அதோட ஒரு பழைய ஹப், ஒரு வீல், ஒரு டார்க் ரென்ச்சும் வைக்கணும். சிவில், ஐடி எல்லா டிபார்ட்மென்ட்டும் ஆளுக்கு ஒரு தடவை செஞ்சு பாக்கணும். எண்ணை செட் பண்ணி இழுக்கும்போது 'டிக்'னு ஒரு சத்தம் வரும், அதோட நிறுத்திடணும். சிம்போசியம் பேனர் காசுல ரென்ச்சே வாங்கிடலாம்.

அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க. இந்த வாரம் ஊருக்குப் போனா வீட்டு வண்டி மேனுவலைத் திறந்து, வீல் நட்டு டார்க் எவ்வளவுன்னு பாத்து எழுதி வைங்க. டயர் மாத்தினா 50லருந்து 100 கிலோமீட்டருக்குள்ள மறுபடி ஒருதடவை செக் பண்ணுங்க. அந்த அண்ணனும் கிளம்பும்போது அதையேதான் சொன்னாரு. பாண்டி எல்லையில நிறுத்திப் பாத்தோம். ஒரு நட்டு கால் சுத்து வாங்குச்சு.