பூட்டில்லாத சங்கீதம்

ஜனவரி மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கூடும் சி.இ.எஸ். என்ற மின்னணுப் பொருட்காட்சியைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் செய்திகளை மட்டும் படிக்கிறவர்கள், சுவர் அகல டெலிவிஷனும் தானே ஓடும் காரும் தவிர அங்கே பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை என்றே எண்ணிக்கொள்ளக்கூடும். ஆனால் 1967-ஆம் வருஷம் நியூயார்க்கில் அந்தப் பொருட்காட்சி முதன்முதலாக நடந்த காலத்திலிருந்தே, வீட்டில் அமர்ந்து சங்கீதம் கேட்பதற்கான சாதனங்களுக்கு அதில் கௌரவமான ஒரு ஸ்தானம் இருந்து வந்திருக்கிறது. பிற்காலத்தில், வெனீஷியன் ஹோட்டலின் 29-ஆவது மாடியிலும் அதற்கு மேலும் உள்ள விருந்தினர் அறைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, மோட்டார் கார் விலைக்கு விற்கும் ஸ்பீக்கர்களை அங்கே நிறுத்தி, வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து நிதானமாகக் கேட்கச் செய்வது அத்துறைக் கம்பெனிகளின் வழக்கமாக இருந்தது.

அந்த அறைகளுக்குள் கம்ப்யூட்டர் புகுந்த விதமும், அதன் பின்னால் வந்த சாதனங்களில் எவை நிலைத்தன, எவை மறைந்தன என்ற விவரமும், சங்கீதத்தில் பற்றுடைய எவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை என்பது என் திடமான அபிப்பிராயம். நல்ல கச்சேரி ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, வேண்டியபோது அதைக் கேட்கும் உரிமை நம்மிடம் இருக்கப்போகிறதா, அல்லது எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் தயவில் இருக்கப்போகிறதா என்ற கேள்வி இந்தச் சரித்திரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க், ஒலியை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்களில் எழுதி வைத்தது. அந்த விசித்திரமான எண், அக்காலத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிவு செய்து வைக்கப் பெரும்பாலும் வீடியோ டேப்பே பயன்பட்டதால் ஏற்பட்டது. டெலிவிஷன் படத்தின் ஒரு வரிக்கு 3 அளவுகளாக, 245 வரிகளில், வினாடிக்கு 60 முறை எழுதினால் வரும் தொகை 44,100. மனிதச் செவி கேட்கக்கூடிய எல்லையான 20,000 அதிர்வுகளைப் போல இரு மடங்குக்குச் சற்று அதிகமாக அது அமைந்திருப்பதால், 1949-இல் கிளாட் ஷானன் எழுதிய பிரசித்தமான கட்டுரையின் கணிதப்படி, நம் காதுக்கு எட்டும் ஒலி முழுவதையும் அந்த எண்களிலிருந்து திரும்பப் பெற முடியும். இரண்டு சேனல்களையும் சேர்த்தால் வினாடிக்கு 14,11,200 பிட்கள். இந்த எண்களின் பிரவாகத்தை மீண்டும் மின்சார அலையாக மாற்றிக் கொடுக்கும் கருவிக்குத்தான் டாக் என்று பெயர்.

டிஸ்கிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு எண்களைப் பிழையின்றிப் பிரதி எடுப்பது கம்ப்யூட்டருக்குச் சிரமமான காரியம் அன்று. ஜோஷ் கோல்சன் 2001-இல் உலகத்துக்கு இலவசமாக அளித்த ஃபிளாக் என்ற ஏற்பாட்டில், ஒரு பிட்டைக்கூட இழக்காமல் ஃபைலின் பருமனை ஏறக்குறைய பாதியளவுக்குச் சுருக்கி வைக்கவும் முடிந்தது. அப்படியிருந்தும், லேப்டாப்பிலிருந்து நேராக வரும் ஒலியைத் தேர்ந்த ரசிகர்கள் பல வருஷங்கள் அங்கீகரிக்கவில்லை. லேப்டாப்பின் உட்புறம் மின்சார இரைச்சல் மிகுந்த இடம் என்பது ஒரு காரணம். அதைவிடச் சூட்சுமமான காரணம், எண்கள் சரியாக இருந்தபோதிலும் அவை வந்து சேரும் காலம் சரியாக இல்லாமல் போனதுதான்.

யுஎஸ்பி கேபிள் வழியாக ஒலியை அனுப்பும் பழைய முறையில், கம்ப்யூட்டர் ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஒரு பொட்டலமாக எண்களை அனுப்புகிறது. வினாடிக்கு 44,100 என்றால் ஒரு பொட்டலத்துக்கு 44.1 அளவுகள் வர வேண்டும். ஓர் அளவைப் பத்தாகப் பிளக்க வழியில்லை ஆகையால், ஒன்பது பொட்டலங்களில் 44 வீதமும் பத்தாவதில் 45-மாகக் கம்ப்யூட்டர் அனுப்பிவிடுகிறது. இந்தச் சீரற்ற வருகையிலிருந்தே தன் கடிகாரத்தை ஊகித்து அமைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு டாக் உள்ளாகும்போது, அலையின் ஒவ்வொரு புள்ளியும் தனக்குரிய நொடிக்கு இம்மியளவு முந்தியோ பிந்தியோ விழுகிறது. இதைத்தான் அத்துறையினர் ஜிட்டர் என்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களில் முக்கியமானவர் வேவ்லெங்த் ஆடியோ என்ற சிறு ஸ்தாபனத்தை நடத்திய கார்டன் ராங்கின். பந்தியில் பரிமாறுகிறவர் தம் வேகத்துக்குச் சோற்றைத் தள்ளிக்கொண்டே போக, உண்கிறவர் அதற்கு ஈடுகொடுத்துத் திணறுவது பழைய முறை என்றால், இலையின் முன் அமர்ந்திருப்பவர் ‘இன்னும் கொஞ்சம்’, ‘போதும்’ என்று சொல்லச் சொல்ல அதன்படி பரிமாறுவதே அவர் கையாண்ட அசிங்க்ரனஸ் முறை. அதில் கடிகாரத்தின் அதிகாரம் டாக்கிடம் இருக்கிறது. டாக் தன்னுள் இருக்கும் ஸ்படிகக் கடிகாரத்தின்படி எண்களை வாசித்துக்கொண்டு, கம்ப்யூட்டரைக் கூடுதலாகவோ குறைவாகவோ அனுப்பும்படி பணிக்கிறது. அவர் எழுதிய நிரலை உரிமம் பெற்று ஏர் என்ற கம்பெனி 2009-இல் ஒரு டாக்கை வெளியிட்டது. 2012-இல் அதே நிரலோடு ஆடியோக்வெஸ்ட் கம்பெனியின் டிராகன்ஃபிளை 249 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது, பெரிய அறைகளுக்கே உரியதாயிருந்த ஒரு சௌகரியம் கல்லூரி மாணவன் கைக்கும் எட்டியது. கட்டைவிரல் பருமனுள்ள அந்தக் கருவியின் மேல் ஒரு தட்டான் உருவம் பதிக்கப்பட்டிருக்கும். வருகிற ஃபைல் 44,100 வகையானால் அது பச்சையாகவும், 48,000 ஆனால் நீலமாகவும், 88,200 ஆனால் மஞ்சளாகவும், 96,000 ஆனால் ஊதா கலந்த சிவப்பாகவும் ஒளிரும். உள்ளே நடப்பதை ஒளிக்காமல் கேட்கிறவனுக்கு அறிவிக்கும் அந்தச் சிறு விளக்கை, நல்ல தொழிலாளியின் நேர்மைக்கு அடையாளமாகவே நான் மதிக்கிறேன்.

இதன் பிறகு எண்களின் போட்டி ஆரம்பமாயிற்று. பழைய யுஎஸ்பி முறையில் ஒரு பொட்டலத்துக்கு 1,023 பைட் என்ற உச்சவரம்பு இருந்தபடியால் 24 பிட், 96,000 வரைதான் செல்ல முடிந்தது. 1,92,000-க்கு 1,152 பைட் தேவை. புதிய முறை வந்து அந்த வரம்பு நீங்கியதும், ஒவ்வொரு வருஷத்துக் காட்சியிலும் கருவிகளின் முகப்பில் அச்சிடும் எண் பெருத்துக்கொண்டே போயிற்று. எண் பெரிதானால் சங்கீதமும் அந்த அளவுக்கு உயர்கிறதா என்பதைப் பாரபட்சமின்றிச் சோதித்தவர்கள் உண்டு. மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்ட சோதனையில், உயர்தர ஒலியையும், அதையே காம்பாக்ட் டிஸ்கின் தரத்துக்குக் குறைத்த ஒலியையும், எது எது என்று சொல்லாமல் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் கிடைத்திருக்கும். ஜோஷுவா ரீஸ் 2016-இல் பதினெட்டுச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது 52.3 சதவிகிதம் சரியான விடை வந்தது. நல்ல பயிற்சி பெற்ற செவிகளுக்கு அதைவிட அதிகம். ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று சாதிப்பது தகாது. ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கையில் உள்ள பணத்தை ஸ்பீக்கருக்கும், அறையில் ஒலி முட்டித் திரும்பாதிருக்கச் செய்யும் ஏற்பாடுகளுக்கும் செலவிடுகிறவர், டாக்கின் எண்ணுக்குச் செலவிடுகிறவரைக் காட்டிலும் பன்மடங்கு பயன் அடைவார்.

ஆயினும் எண்களின் மயக்கம் பெரிய கேடு அன்று. நஷ்டம் பணத்தோடு போய்விடும். அதைவிடக் கவலைக்குரியது சங்கீதத்துக்குப் பூட்டுப் போடும் முயற்சி. மெரிடியன் ஸ்தாபனத்தைச் சேர்ந்த பாப் ஸ்டூவர்ட் 2014 இறுதியில் அறிமுகம் செய்த எம்க்யூஏ என்ற முறை, அடுத்தடுத்த காட்சிகளில் பெருத்த உற்சாகத்தைக் கிளப்பிற்று. 2017-ஆம் வருஷக் காட்சியின்போது டைடல் என்ற இசைச் சேவை அந்த முறையில் ஒலிபரப்பத் தொடங்கியதாக அறிவித்தது. அதைப் பூரணமாக அவிழ்த்துக் கேட்பதற்கு உரிமம் பெற்ற கருவியோ ஸாஃப்ட்வேரோ வேண்டும். அந்த உரிமத்துக்கான பணத்தைத் தயாரிப்பாளர் கொடுத்தாலும், கடைசியில் அந்தச் சுமை வாங்குகிறவர் தலையில்தான் விழும். 2023 ஏப்ரலில் எம்க்யூஏ ஸ்தாபனம் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. லென்புரூக் என்ற கனடா நாட்டுக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. 2024 ஜூலையில் டைடல் அந்த முறையைக் கைவிட்டு ஃபிளாக்குக்கு மாறிவிட்டது. எந்த விசேஷத்துக்காகச் சிலர் புதிய டாக் வாங்கினார்களோ, அந்த விசேஷத்துக்கு அந்தச் சேவையில் வேலையே இல்லாமல் போயிற்று.

பாடகர் நீல் யங் பொதுமக்களிடம் 62 லட்சம் டாலர் திரட்டி உருவாக்கி, 2015 காட்சியில் கொண்டுவந்து வைத்த போனோ என்ற முக்கோண வடிவக் கருவியின் வரலாறு வேறொரு பாடத்தைப் போதிக்கிறது. அடுத்த வருஷமே அதன் பாட்டுக் கடை மூடப்பட்டது. 2017-இல் முயற்சியே முடிவுக்கு வந்தது. ஆனால் கடை விற்றது ஃபிளாக் ஃபைல்கள் ஆகையால், அவற்றை வாங்கியவர்களின் பாட்டுகள் அவர்களிடமே இருக்கின்றன. எந்தக் கம்ப்யூட்டரிலும் அவை பாடும்.

இந்த விஷயத்தில் நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிப்பது ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற கருவியின் சரித்திரத்தை. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு கம்பெனி 2003-இல் வெளியிட்ட அது, நீலமும் பச்சையும் கலந்த எழுத்துகளில் பாட்டின் பெயர் ஓடும் ஒரு சிறிய பெட்டி. வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள சங்கீதத்தை நெட்வொர்க் வழியாக வரவழைத்து, கூடத்திலுள்ள ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது அதன் தொழில். 2006-இல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கிற்று. 2012-இல் ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசையையே நிறுத்திவிட்டது. 2024-இல் அதற்கு ஆதாரமாயிருந்த இணையச் சேவையையும் மூடிவிட்டது. வேறெந்தக் கருவியானாலும் அத்தோடு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் பெட்டிக்குச் சங்கீதம் அனுப்பும் சர்வர் ஸாஃப்ட்வேரைத் தொடக்கத்திலிருந்தே எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிட்டிருந்தார்கள். அதனால் ஊதியம் எதிர்பாராத ஆர்வலர்கள் அதை ஏற்றுக்கொண்டு, லிரியன் என்ற புதிய பெயரில் இன்றும் வளர்த்து வருகிறார்கள். இருபது வருஷத்துப் பழைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. இதற்கு எதிர்மாறாக, சோனோஸ் கம்பெனி 2024 மே மாதம் தன் ஆப்பை அடியோடு மாற்றியபோது, அலாரம் வைப்பது போன்ற பழகிய வசதிகள்கூட ஒரே நாளில் மறைந்துபோய், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு ஜனங்கள் தவித்தார்கள். அந்தக் கொந்தளிப்பின் விளைவாக மறு ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

என் அறையில் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவுக் கம்ப்யூட்டர். அதன் முதுகில் ஒரு டாக் பலகை. அதில் ஓடுவது ஸ்க்வீஸ்பாக்ஸைப் போலவே நடந்துகொள்ளும் இலவச ஸாஃப்ட்வேர். சாதனத்தைப் பரீட்சிக்க நான் பாட்டைத் தேடுவதில்லை. பாட்டு தொடங்குமுன் ஒலிக்கும் தம்புராவைத்தான் தேடுகிறேன். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகிய ஜீவா என்ற நூல் சரியான இடத்தில் அமைந்தால், ஒரே மீட்டிலிருந்து மேல்ஸ்தாயி ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து, ஒழுங்காகக் கரைகின்றன. சாதனத்தில் கோளாறு இருந்தால் அந்தக் கரைதல் மொரமொரப்பாகி, எல்லாம் கலந்த வெறும் ரீங்காரமாகிவிடுகிறது. என் சொற்ப விலைப் பலகையில் அந்த ஸ்வரங்கள் தனித்தனியே கேட்கின்றன. ஒரு காலத்தில் லாஸ் வேகாஸின் மாடி அறைகளுக்குப் போய்க் கேட்டு வியக்க வேண்டியிருந்த தெளிவின் பெரும்பகுதி, கடிகாரத்தை அதற்குரிய இடத்தில் வைத்த சிலருடைய உழைப்பாலும், எழுதியதைப் பூட்டி வைக்காத வேறு சிலருடைய உதாரத்தாலும் சாமானிய வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகையால் புதிய சாதனம் வாங்க நினைப்பவர், முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடமுள்ள ஃபைல்களை இது உரிமமோ சந்தாவோ இல்லாமல் வாசிக்குமா? இணையம் இல்லாத நாளில் வேலை செய்யுமா? இதைச் செய்த கம்பெனி மறைந்துவிட்டாலும் பிறர் இதைப் பேணிக் காக்க இடமுண்டா? ஃபிளாக் முறையை 2024 டிசம்பரில் ஐ.இ.டி.எஃப். என்ற இணையத் தரநிர்ணய அமைப்பு பகிரங்க ஆவணமாக வெளியிட்டிருப்பதால், அதைச் செய்தவர்களே இல்லாமற்போன காலத்திலும் அந்த ஆவணத்தைப் படித்து ஒருவர் ஒரு கருவியைச் செய்துவிட முடியும். கருவிகள் பழுதாவது இயற்கை; பத்து வருஷத்துக்கு ஒரு முறை அவற்றை மாற்றிக்கொண்டால் போகிறது. அவற்றில் ஒலிக்கும் சங்கீதமோ, பாடியவரின் ஆயுளையும் கேட்பவரின் ஆயுளையும் கடந்து நிற்க வேண்டியது. அப்படி நிற்க விடாத எந்தச் சாதனத்தையும், அது எத்தனை இனிமையாகப் பாடினாலும், வீட்டுக்குள் சேர்ப்பதற்கு நாம் சம்மதிக்கலாகாது.