தோளில் தோணி சுமக்கும் விடுமுறை

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவது சுமையை இறக்கி வைக்கும் எண்ணமே. அலுவலகச் சுமை, அடுப்பங்கரைச் சுமை, பிள்ளைகளின் புத்தகச் சுமை ஆகிய அனைத்தையும் சில நாட்களாவது மறந்திருக்கவே வெளியூர் செல்கிறோம். சுமையைத் தேடிச் சென்று தோளில் ஏற்றிக்கொண்டு, அதனையே ஓய்வெனச் சொல்லி மகிழும் மக்களும் உலகில் உளர் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். ஆண்டுதோறும் அத்தகையோர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் நாடிச் செல்லும் ஓர் இடத்தைப் பற்றி இம்மாதம் சிந்திக்க விழைகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினசோட்டா மாநிலமும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் சந்திக்கும் எல்லையில், கோட்டின் இருபுறமும் ஏரிகளும் ஆறுகளும் காடுகளுமாக ஒரு பெரும் நிலப்பரப்பு விரிந்து கிடக்கிறது. தென்பகுதியைப் 'பவுண்டரி வாட்டர்ஸ்', அதாவது எல்லை நீர்நிலைகள், என அழைக்கின்றனர். அதன் பரப்பு ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர். வடபகுதி 1913-இல் கனடா நாட்டார் அமைத்த குவெட்டிகோ மாகாணப் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடிகளையும் ஊஞ்சலையும் நினைத்துவிட வேண்டாம். அதுவும் அடர்ந்த கானகமே. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் மாபெரும் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, மிகப் பழமையான பாறை நிலத்தைச் சுரண்டிவிட்டுச் சென்ற பள்ளங்களே இன்று ஏரிகளாக நிறைந்து நிற்கின்றன. தென்பகுதியில் மட்டும் அவை ஆயிரத்திற்கு மேற்பட்டவை.

இக்கானகத்தின் உள்ளே ஊர்ச்சாலை கிடையாது, கடைகள் கிடையா, மின்விளக்கு கிடையாது. துடுப்பு வலித்துச் செல்லும் 'கனூ' என்னும் ஒடுங்கிய தோணியே வாகனம். ஆயின் ஏரிக்கும் ஏரிக்கும் இடையே நிலம் குறுக்கிடுகிறது அன்றோ? அங்கேதான் சுமை தொடங்குகிறது. தோணியைக் கரையேற்றி, தலைகீழாய்க் கவிழ்த்து, அதன் நடுவில் பொருத்தப்பட்ட மரச்சட்டத்தைத் தோள்களில் தாங்கி, அடுத்த ஏரிக்கரை வரை நடந்தே செல்ல வேண்டும். மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தின் பெயரே அச்சட்டத்திற்கும் இடப்பட்டிருக்கிறது. பழைய அலுமினியத் தோணியின் எடை ஏறத்தாழ 34 கிலோ. இக்காலத்தில் கெவ்லார் என்னும் இழையால் செய்யப்படுபவை 20 கிலோ அளவில் கிடைக்கின்றன. எனினும் நுகம் நுகமே.

இந்த நடைபாதைக்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். சுமத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. இதன் நீளத்தை மைலால் கூறாமல் 'ராட்' என்னும் பழைய அளவால் கூறுகின்றனர். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறத்தாழ ஒரு தோணியின் நீளம். 320 ராட் கூடினால் ஒரு மைல். தோணியையும் மூட்டைகளையும் ஒரே நடையில் கொண்டுசெல்ல இயலாதோர் மறுபடி திரும்பி வந்து எஞ்சியதை எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு மைல் பாதைக்கு இவ்வாறு மூன்று மைல் நடை! எனவே புறப்படும் முன் குடும்பத்தார் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'இது வேண்டுமா?' என்று கேட்கும் வழக்கம் அங்கு உண்டு. நம் வீடுகளில் பயணத்திற்கு முந்தின இரவு நடைபெறும் காட்சியோ இதற்கு நேர்மாறானது. 'எதற்கும் இருக்கட்டும்' என்ற இரு சொற்களால் நாம் எத்தனை பெட்டிகளை நிரப்பியிருக்கிறோம்!

விதிகளும் கடுமையானவை. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் செல்லலாகாது. நான்கு தோணிகளுக்கு மேல் ஆகாது. ஒவ்வொரு நுழைவாயிலிலும் நாளொன்றுக்கு இத்தனைக் குழுக்களுக்கே இரவு தங்க அனுமதி என்ற வரையறை கோடைப் பருவத்தில் உண்டு. தகர டப்பாக்களிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் அடைத்த உணவைக் கொண்டுசெல்லத் தடை. தங்குவதற்கெனக் குறிக்கப்பட்ட ஏறத்தாழ 2,000 இடங்களில் நெருப்பு மூட்ட ஓர் இரும்புத் தட்டியும், சற்றுத் தொலைவில் ஒரு கழிப்பிடமும் மட்டுமே காணலாம். உணவு மூட்டையைக் கருங்கரடிக்கு எட்டாதவாறு வைத்துவிட்டே உறங்க வேண்டும். கரடியினும் தொல்லை தருவது கொசு. ஜூன் மாதத்தில் அங்குச் சென்று வருவோர் இயற்கையின் அழகைப் பற்றிப் பேசுமுன் கொசுவைப் பற்றியே பேசுவர் என்பது நாம் கண்ட உண்மை.

இவ்வளவு துன்பமும் எதற்காக? அமைதிக்காக என்கின்றனர் சென்று வந்தோர். மாலையில் காற்று அடங்கி ஏரி கண்ணாடிபோல் நிற்கும்போது, 'லூன்' என்னும் நீர்ப்பறவை நீண்ட குரலெடுத்துக் கூவுமாம். சிவந்த கண்களை உடைய அப்பறவை நீரில் நெடுநேரம் மூழ்கி இரை தேட வல்லது. குஞ்சுகள் பிறந்த முதல் வாரங்களில் தாயும் தந்தையும் அவற்றைத் தம் முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரியில் நீந்துகின்றன. அந்தக் கானகத்தில் சுமப்பவர் மனிதர் மட்டுமல்லர்.

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இவ்வழியே சென்ற பிரெஞ்சுக் கனடியத் தோணிக்காரர்கள் விடுமுறைக்குச் சென்றவர்கள் அல்லர். மென்மயிர்த் தோல் வணிகத்தின் கூலிகள். 90 ராத்தல் மூட்டைகள் இரண்டை ஒரே நடையில் சுமப்பது அவர்களது வழக்கம். 'கிராண்ட் போர்ட்டேஜ்' என்னும் பாதை எட்டரை மைல் நீளமுடையது. நீரில் செல்லும்போது ஒரு மணிக்கு ஒருமுறை துடுப்பை நிறுத்திப் புகைக்குழாய் பற்ற வைப்பர். அதனால் ஏரியின் தூரத்தை 'இத்தனைக் குழாய்' என்றே கூறினர். நிலத்தில் மூட்டைகளை இறக்கி இளைப்பாறும் இடத்திற்குப் 'போஸ்' என்று பெயர். நெடும்பாதைகளை 'இத்தனைப் போஸ்' எனக் கணக்கிட்டனர். உழைப்பைக் கொண்டு தூரத்தை அளக்காமல் ஓய்வைக் கொண்டு அளந்தார்கள்! இந்நீர்வழியின் மேற்கு முனையில் உள்ள 'லேக் ஆஃப் த வூட்ஸ்' என்னும் பேரேரியில்தான் 1736 ஜூனில் இயேசு சபைக் குருவானவர் ழான்-பியேர் ஒல்னோ அடிகளார், தம்முடன் பயணம் செய்த தோணிக்காரர் அனைவரோடும் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். இன்று விடுமுறையில் செல்வோர் துய்க்கும் அமைதி தானாகக் கிடைத்ததன்று. அதற்குச் சிலர் விலை கொடுத்திருக்கின்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீரில் இறங்கும் சிறு விமானங்களில் மீன்பிடிப்போர் வந்து குவிந்தனர். 1949 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அக்கானகத்தின் மேல் விமானங்கள் தாழப் பறத்தலாகாது என ஆணையிட்டார். அதற்கு முந்தின ஆண்டுச் சட்டத்தின்படி, உள்ளே இருந்த விடுதிகளையும் வீடுகளையும் அரசு விலைக்கு வாங்கத் தொடங்கியது. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுகளையும் தடை செய்தது. ஈலி போன்ற எல்லைச் சிற்றூர்களில் விடுதி நடத்திப் பிழைத்த குடும்பங்களுக்கு இது பேரிடியாயிற்று. தொலைதூரப் பட்டணத்தார் ஒரு வாரம் ஓய்வெடுப்பதற்காக நாங்கள் ஆண்டெல்லாம் பிழைப்பை இழப்பதா என்று அவர்கள் கொதித்தனர். கானகத்தைக் காக்க வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்தவர் சிகர்ட் ஓல்சன். அவரும் ஈலி ஊரிலேயே வாழ்ந்தவர். 1977-இல் அவ்வூரில் நடந்த பொது விசாரணையின்போது அவரது உருவப் பொம்மையைத் தூக்கிலிட்டுக் காட்டினர் அண்டை வீட்டார். அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1982 ஜனவரியில், பனிமீது நடக்கும் காலணியோடு ஈலியில் உலவச் சென்றபோதே உயிர் நீத்தார்.

ஓல்சன் கூறியது சரி என்றே நாம் கருதுகிறோம். மோட்டார் இரைச்சல் நிரம்பிய ஏரிகள் உலகில் ஏராளம். அது இல்லாத ஏரிகள் அரியவை. எனினும் அண்டை வீட்டாரின் கோபத்தை அறியாமை என ஒதுக்கவும் நம் மனம் இசையவில்லை. மேலும், 1964-ஆம் ஆண்டுக் கானகச் சட்டம் இத்தகைய நிலங்களில் மனிதன் தங்கிவிடாமல் வந்து செல்லும் விருந்தினன் என வகுத்துக் கூறுகிறது. அழகிய கருத்துதான். ஆயின் அந்தச் சுமைப்பாதைகளை முதன்முதல் கால்களால் வகுத்தவர்கள் பூர்வ குடிகளே. ஒஜிப்வே மக்கள் அந்நீர்களில் தோணியில் அமர்ந்து, கோல்களால் கதிரைத் தட்டி, 'மனூமின்' என்னும் நீர்நெல்லைச் சேர்த்தார்கள், இன்றும் சேர்க்கிறார்கள். 1854-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களை விருந்தினர் என்று எவ்வாறு கூறுவது?

அக்கானகத்தில் கடைசியாகக் குடியிருந்தவர் ஒரு பெண்மணி, டாரதி மோல்ட்டர். 1930-இல் தந்தையோடு மீன்பிடிக்க விடுமுறைக்கு வந்தவர். செவிலியர் படிப்பு முடித்துப் பின் அங்கேயே தங்கிவிட்டார். நைஃப் ஏரியின் தீவுகளில் இருந்த விடுதி அவருக்கு உரியதாயிற்று. சாலைக்கும் அவர் வீட்டிற்கும் இடையே ஐந்து சுமைப்பாதைகள். விமானம் நின்று, புட்டிகளில் பானம் வருவதும் நின்றபோது, அவரே 'ரூட் பியர்' என்னும் இனிப்புப் பானத்தைக் காய்ச்சலானார் (பெயரைக் கண்டு மயங்க வேண்டாம், அது மதுவன்று). குளிர்காலத்தில் ஏரியிலிருந்து வெட்டிச் சேமித்த பனிக்கட்டியில் அதைக் குளிர்வித்து, ஆண்டுதோறும் வந்துபோன ஆயிரக்கணக்கான தோணிக்காரருக்கு வழங்கினார். அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு அவரை வெளியேற்ற முனைந்தபோது மக்கள் திரண்டு மன்றாடினர். உயிருள்ளவரை அங்கு வாழ அவருக்கு அனுமதி கிடைத்தது. அவரது பண்டங்களை அவ்வழியே வந்த விடுமுறைக் குழுக்களே சுமந்து கொண்டுவந்து சேர்த்தன.

1986 டிசம்பரில், தம் 79-ஆம் வயதில், அவர் தம் குடிலிலேயே காலமானார். சட்டப்படி அக்கட்டடங்கள் அங்கு இருத்தல் ஆகாது. அவரிடம் பானம் அருந்திய அன்பர்கள் உறைந்த ஏரிகளின் வழியே வந்து, மரக்குடில்களைக் கட்டை கட்டையாகக் கழற்றி, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளிலும் பனிமீது ஓடும் மோட்டார் வண்டிகளிலும் ஏற்றி ஈலிக்குக் கொண்டுசென்றனர். 1993-இல் அவை அங்கே காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டன.