போலோஞாவில் எங்கே உண்பது?

மேற்படிப்புக்காக இத்தாலி செல்லும் நம் மன்றத்து நண்பர்கள் முதலில் கேட்பது, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்பதே. பருப்புப்பொடியும் ஊறுகாயும் பெட்டியில் ஏறிவிடுகின்றன. அதில் குற்றமில்லை. அவற்றை நம்பி அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதுதான் குற்றம். போலோஞா நகரில் ஓராண்டு பயின்றவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: அவ்வூரில் நன்றாக உண்ணப் பெரும்பணம் வேண்டா, ஊர் வழக்கம் தெரிந்தால் போதும்.

போலோஞா மாணவர் நகரம். 1088இல் தோன்றியதாகக் கொள்ளப்படும் அதன் பல்கலைக்கழகம் ஐரோப்பாவிலேயே பழமையானது. 'கற்றவள்' என்றும் 'கொழுத்தவள்' என்றும் அந்நகருக்குப் பட்டப்பெயர்கள் உண்டு. கல்வியும் சாப்பாடும் அங்கே உடன்பிறப்புகள்.

நகரின் நடுவே பியாட்சா மஜ்ஜோரே என்னும் சதுக்கம். அங்கே நான்கு மொழிகளில் படம் போட்ட விலைப்பட்டியல் நீட்டும் கடைகளைக் கடந்து செல்லுங்கள். அருகிலுள்ள குறுகிய சந்துகளில் ரொட்டியும் பழமும் பாலாடைக்கட்டியும் விற்கும் கடைகள் நெருங்கி நிற்கும். அச்சந்துகளில் ஒன்றில் 'ஒஸ்தெரியா தெல் சோலே' என்ற மதுக்கடை 1465 முதல் நடந்து வருகிறது. அங்கே சமையல் கிடையாது. குடிப்பதற்கு ஏதேனும் வாங்கினால், கடைத்தெருவில் நாம் வாங்கி வந்த உணவை அவர்கள் மேசையிலேயே பிரித்து உண்ணலாம். மெலிந்த பணப்பைக்கு இதனினும் நல்ல ஏற்பாடு வேறென்ன? மதுக்கடையே வேண்டாதவர் மெர்க்காத்தோ தெல்லே ஏர்பே என்னும் கூரையிட்ட அங்காடிக்குச் செல்லலாம்; அங்கே உணவுக்கடைகள் பல உண்டு.

உலகமெங்கும் 'ஸ்பகெட்டி போலோஞேஸ்' என்று விற்கப்படுவதை அவ்வூரார் தம்முடையதென ஒப்புவதில்லை. முட்டை சேர்த்துப் பிசைந்த மாவில் செய்யும் தாலியதெல்லே என்ற பட்டைச் சேவையோடுதான் இறைச்சிக் குழம்பை உண்பர். வெந்த சேவையின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972இல் வர்த்தக மன்றத்தில் பதிவே செய்து வைத்துவிட்டார்கள்!

சைவர் என் செய்வர் என்பீர்கள். ரிக்கோத்தா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து, வெண்ணெயில் புரட்டிய தோர்த்தெல்லோனியைக் கேட்கலாம். சிறியதான தோர்த்தெல்லினிக்குள் பன்றியிறைச்சி இருக்கும். ஓரெழுத்துத் தவறினால் விரதம் போயிற்று! மிகக் கண்டிப்பானவர் இன்னொன்றும் அறிக: உணவில் தூவும் பார்மிஜானோவைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். பியாதீனா ரொட்டியிலும் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுண்டு. வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

காப்பிக் கடைக்கு அங்கே 'பார்' என்று பெயர், அஞ்சவேண்டா. நின்றபடி குடித்தால் பெரும்பாலும் விலை குறைவு; மேசையில் அமர்ந்தால் கூடும். உணவகங்களிலோ அமர்வதற்கே தலைக்கு ஒரு சிறு தொகை பட்டியலில் சேரும். அது ஏமாற்று அன்று, வழக்கம். மதியச் சாப்பாடு முடிந்தால் பல அடுப்பங்கரைகள் மாலை வரை மூடிக்கிடக்கும். பசியை அதற்கேற்பப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வடநாட்டுக்கு வந்தும் இங்குள்ள உணவைத் தொடாது, இங்குள்ளோர் எவருடனும் ஒருவேளை உண்ணாது, நான்காண்டைக் கழித்துச் செல்லும் நம்மவர் சிலரை அறிவேன். பட்டம் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. கடல் கடந்தும் அவ்விழப்பு நமக்கு வேண்டுமா? பருப்புப்பொடியை எடுத்துச் செல்லுங்கள், தோழர்களே. அதைப் போலோஞா நண்பனுக்கும் ஒரு கரண்டி கொடுங்கள். அவன் நீட்டும் ரொட்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.