வீட்டு வண்டியும் பந்தயத் திடலும்

நம் மன்றத்தின் மாலைக் கூட்டங்களில் இலக்கியம் பேசுகிறோம், அரசியல் பேசுகிறோம், சில வேளைகளில் அறிவியலும் பேசுகிறோம். கூட்டம் கலைந்து விடுதிக்கு நடந்து போகும்போது மட்டும் நம்மிற் பலர் கார்களைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சை இதழின் பக்கத்திற்குக் கொண்டு வந்தால் என்ன என்று தோன்றிற்று. "காரா? அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு அன்றோ?" என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆட்டோகிராஸ் என்னும் பந்தயத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். திறந்த திடலொன்றில் கூம்புகளை நட்டு வளைந்து நெளிந்த பாதையொன்று வகுப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் ஓடும். முந்துவதற்கு முன்னால் எவரும் இல்லை. மோதுவதற்குப் பக்கத்திலும் எவரும் இல்லை. போட்டி கடிகாரத்தோடுதான். கூம்பைத் தட்டினால் நேரத்தில் சில நொடிகளைக் கூட்டி விடுவார்கள். அமெரிக்காவில் கெட்டித் தரையில் நடத்துகிறார்கள். நம் நாட்டிலோ பெரும்பாலும் மண் திடல்தான்.

என் கருத்து இதுதான். நாம் அன்றாடம் ஓட்டும் வண்டியைக் கொண்டே இப்பந்தயத்தில் இறங்கலாம். மோட்டார் ஆசை உள்ளவன் இறங்கவும் வேண்டும். ஆனால் வண்டிக்குச் செய்யும் செலவு டயருக்கும் பிரேக்குக்குமே ஆக வேண்டும். ஓசைக்கும் ஒப்பனைக்கும் ஒரு காசும் ஆகக் கூடாது.

இது புதிய வழியும் அன்று. சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாட்களில், பியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. நம் வீட்டுப் பெரியவர்கள் திருமணங்களுக்குப் போய் வந்த அதே வண்டிகள்தாம் அவை. பின்னர்க் கோவையின் கரிவரதன், மாருதி 800 வண்டியின் எஞ்சினையே வைத்துப் பார்முலா மாருதி என்னும் பந்தய வண்டியை உருவாக்கினார். அவ்வகை வண்டியில் ஓட்டிப் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 796 கன சென்டிமீட்டர் எஞ்சினை ஏளனம் செய்யும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

என் வீட்டு வண்டியும் அந்த மாருதி 800 தான். 2009-இல் அப்பா தருமபுரியில் வாங்கியது. நான் பெங்களூருக்குப் படிக்க வந்த பின், ஊருக்கும் இங்குமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. (தமிழ்நாட்டுப் பதிவுப் பலகையோடு இங்கே ஓட்டுபவர்கள், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டியை இங்கேயே வைத்துக்கொண்டால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதை மறவாதிருப்பது நல்லது. சந்திப்புக்குச் சந்திப்பு நிறுத்தப்படும் அனுபவம் நமக்குப் புதிதா என்ன?) பந்தயம் என்று சொன்னபோது அப்பா கோபித்துக் கொள்ளவில்லை. "வண்டி முழுசா வீட்டுக்கு வருமா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். வண்டியை ஆயத்தம் செய்த நாட்கள் முழுவதும் அக்கேள்வி என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

ஜே. சி. சாலைக்குப் பின்புறச் சந்தொன்றில் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வாணியம்பாடிக்காரர். அவரிடம் போய், "அண்ணே, வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் பண்ணணும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பிக்குச் சத்தம் வேணுமா, வண்டி நிக்கணுமா?" என்று கேட்டார். நான்காண்டுப் பௌதிகப் படிப்பு அவ்வொரு கேள்வியில் அடங்கிவிட்டது என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் நானும் சேர்ந்து ஏறத்தாழ 720 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தால் சக்கரத்திற்கு 180 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம். வகுத்தால் வருவது 85 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கை. நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் வண்டி முழுவதும் தரையைப் பற்றிக்கொண்டிருக்கிறது! எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அந்த உள்ளங்கைகள் இசைந்தால்தான் வண்டி நகரும், திரும்பும், நிற்கும். அந்தப் பிடியும் ஓர் அளவுக்கு உட்பட்டது. பிரேக்குக்கே முழுவதையும் செலவிட்டு விட்டால் திரும்புவதற்கு மிச்சம் இராது. ஆகவேதான் நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் பின் வளைவில் திருப்ப வேண்டும் என்கிறார்கள்.

ஆதலால் முதலில் டயர் வாங்கினேன். நான்குக்கும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிற்று. ஓராண்டுச் சேமிப்பு அதில் போயிற்று. அடுத்தது பிரேக். பழைய திரவத்தை வடித்துப் புதியது ஊற்றினோம். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாய் இருக்கையில் 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கக் கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும், குமிழ் அழுங்கும், மிதி தரையைத் தொடும், வண்டியோ நிற்காது. இதைப் பந்தயத்திற்காகச் செய்தேன் என்றாலும், கிருஷ்ணகிரிச் சாலையில் அம்மாவை அழைத்துச் செல்லும்போதும் அதே திரவந்தானே காப்பாற்றுகிறது?

மண் திடலில் கல்லடி பட்டு எண்ணெய்த் தொட்டி உடைவதுண்டு. ஆகவே அடியில் ஓர் இரும்புத் தகடு பொருத்தினோம். பாட்டரியை இறுகக் கட்டினோம். சக்கர நட்டுகளை அளவு பார்த்து முடுக்கினோம். வண்டிக்குள் உருளக் கூடிய எதையும் விட்டு வைக்கவில்லை. அம்மாவின் குடையும் ஒரு திருக்குறள் பதிப்பும் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து வெளிப்பட்டன. இருக்கையை முன்னே தள்ளி, முதுகு சாய்ந்தபடியே மணிக்கட்டு திருப்புச் சக்கரத்தின் உச்சியைத் தொடுமாறு அமைத்துக்கொண்டேன். இதற்குச் செலவு ஏதுமில்லை, பயனோ பெரிது.

பின்னிருக்கையைக் கழற்றி எறி, உள்ளே இரும்புக் கூண்டு பற்றவை என்று அறிவுரை கூறிய நண்பர்களும் உண்டு. பந்தயத்திற்கென்றே ஒரு வண்டியை ஒதுக்கி வைப்பவனுக்கு அது சரி. திங்கட்கிழமை வீட்டிற்குத் திரும்ப வேண்டிய வண்டிக்கு அது பொருந்தாது. சட்டமும் இடம் தராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை வலியுறுத்திற்று. மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் சாதாரண இன்ஷூரன்ஸ் பத்திரம் பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. கூம்புக்குப் பதில் மரத்தில் மோதினால் செலவு முழுவதும் நம் தலைமேல்தான். இதை மறைத்துவிட்டு உங்களை அழைப்பது நேர்மை ஆகாது.

"அப்படியானால் எதற்கு இந்த வீண் வேலை?" என்பீர்கள். விடையாக நம் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவரும் மோட்டார் ஆசை கொண்டவரே. கையிலிருந்த பணத்தைப் பளபளக்கும் சக்கரங்களிலும் உறுமும் சைலன்சரிலும் போட்டார். டயர் பழையது, பிரேக் பழையது. நள்ளிரவில் எப்பாலிலிருந்து விமான நிலையம் போகும் சாலையில் பந்தயம் விட்டார். நடுத் தடுப்பில் மோதித் தொடையெலும்பு முறிந்தது. ஒரு பருவப் படிப்பு போயிற்று. பொதுச் சாலையில் இசைவின்றிப் பந்தயம் விட்டால் மூன்று மாதச் சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமோ, அல்லது இரண்டுமோ உண்டு என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் தண்டம் அவரைத் தடுக்கவில்லை. நாம் தடுத்தோமா? அவர் சைலன்சர் வாங்கிய அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஆசையை அடக்கு என்று இருபது வயதுக்காரனிடம் சொல்வது எளிது, பயன்தான் இல்லை. அவன் போவதற்கு ஓர் இடம் வேண்டும். மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு 1971 முதல் இருக்கிறது; அதன் இசைவு பெற்ற பந்தயங்களில் வண்டியைச் சோதித்த பின்னரே ஓட விடுகிறார்கள்; தலைக்கவசம் இன்றி உள்ளே போக முடியாது; மருத்துவ வண்டி பக்கத்திலேயே நிற்கும். நம் மன்றம் ஆண்டுதோறும் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து, இரண்டு உறுப்பினர்களின் நுழைவுக் கட்டணத்திற்கும் உரிமத்திற்கும் தரலாம் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். கிரிக்கெட் நண்பர்கள் என்மீது சினம் கொள்ள வேண்டாம். பந்து வாங்கப் பணம் மிஞ்சும்.

என் பந்தயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். காலையில் பாதையை மூன்று முறை நடந்து மனப்பாடம் செய்தும், முதல் ஓட்டத்தில் இரு கூம்புகளைத் தட்டினேன். இரண்டாவது ஓட்டத்தில் ஒன்றையும் தட்டவில்லை. ஆனால் நேரம் கூடிவிட்டது. என் பிரிவில் எனக்குப் பின்னால் இருவர் மட்டுமே இருந்தனர். அவர்களுள் ஒருவருக்குப் பாதி வழியில் கிளட்ச் போயிற்று.

மறுநாள் தருமபுரிக்குப் போனேன். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து அடியிலிருந்த தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு டயரைக் கையால் தடவி, "புதுசா இருக்கே, எவ்வளவு ஆச்சு?" என்றார். சொன்னேன். "முன்னமே சொல்லியிருந்தா பாதி நான் குடுத்திருப்பேனே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.