நீல மனிதரும் நம் வேடரும்

சென்ற கிழமை வெள்ளவத்தையில் மாணாக்கர் சிலரோடு 'அவதார்' திரைப்படம் பற்றி உரையாடினோம். 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அது. கனிப்பொருளை நாடி வேற்றுலகிற்குச் சென்ற மனிதரை, அங்கு வாழும் நீலநிறக் குடிகள் எதிர்த்து நிற்பதே கதை.

கதைதானே என்று உலகம் வாளாவிருக்கவில்லை. பொலிவியாவின் அந்நாள் ஜனாதிபதி ஈவோ மொராலெஸ் அதனைப் போற்றினார். 2010 பெப்ரவரியில் பலஸ்தீனத்துப் பிலின் கிராமத்தில், உடலில் நீலம் பூசியோர் தம் நிலத்தை ஊடறுத்த வேலியை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பொக்சைட் அகழ்வதை எதிர்த்த டொங்கிரியா கொந்த் மக்களுக்காக, இயக்குநர் ஜேம்ஸ் கமரூனிடமே பகிரங்க வேண்டுகோள் விடுக்கப்பட்டது. 2013 இல் இந்திய உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாமென்றன.

இதைக் கேட்ட மாணாக்கர் மகிழ்ந்தனர். "நம் தம்பானை வேடர் நிலை யாது?" என்று வினவினோம். மௌனமே விடையாயிற்று.

1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது, வேடரின் வேட்டைக்காடு அவர்க்கே விலக்கப்பட்ட காடாயிற்று. பலர் ஹெனானிகலைக்குக் குடிபெயர்ந்தனர். தலைவர் திசாஹாமியோ தம்மிடம் விட்டகல மறுத்தார்.

திரையில் நீல மனிதர் வென்றால் கைதட்டுகின்றோம். பஸ் ஏறினால் ஒரு பகலிற் சென்றடையக்கூடிய தம்பானையை அறியாதிருக்கின்றோம். தொலைவிலுள்ளார்க்கு இரங்குதல் எளிது. அயலாரை அறிதலன்றோ கல்வி?